பள்ளத்தோரத்துச் சிவப்பு ஸ்டூல்

பத்து மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்றால் பத்து மணிதான். அந்த வெள்ளை வேனின் டிரைவர் அவ்வளவு கறார் பேர்வழி. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ரிட்டயரான பிறகும் புத்தி போகவில்லை. வேனில் வேலை பார்க்கும் நர்ஸ் அவருக்கு ‘கடிகாரம்’ என்று பெயர் வைத்திருந்தாள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவாள். அவரும் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார்!

வேன் என்றாலும் அது ஒரு குட்டி ஆஸ்பத்திரி. வலி மாத்திரையில் ஆரம்பித்து ஊசி வரை போய்ப் போதையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, அந்த ஏக்கத்தைத் தணிக்கத் தினம் காலையில் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை. கரையப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரை நர்ஸின் கண்ணெதிரே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வேனில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. எழுதினால் யார் ஏறுவார்கள்? தெருவே வேடிக்கை பார்க்கும். படிக்குப் பக்கத்தில் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தால் வேன் திறந்திருக்கிறது என்று அர்த்தம். வருகிறவர்களுக்கு அது போதும்.

அன்றைக்கு வழக்கமாக நிற்கும் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் இரண்டு தெரு தள்ளி, ஒரு குடோனுக்குப் பின்னால் வேனை நிறுத்தினார். நர்ஸ் எல்லாருக்கும் போன் போட்டாள். அவர்களில் ஒருவனான வெல்டருக்கு மட்டும் லைன் போகவில்லை. சார்ஜ் இல்லை போல என்று விட்டுவிட்டாள். ஒன்பதரைக்குள் மற்ற எல்லாரும் வந்து போய்விட்டார்கள்.

“ஐயையோ, அவன் போன் போன வாரமே உடைஞ்சு போச்சேம்மா! எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது” என்றார் டிரைவர்.

நர்ஸ் தலையில் கை வைத்தாள். அறுபத்தொரு நாளாக ஒரு நாள்கூடத் தவறாதவன். மாத்திரை விட்டுப்போனால் உடம்பு முறுக்கத் தொடங்கும், பழைய சகவாசம் கூப்பிடும்.

டிரைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இப்படித்தான், பத்து மணிக்கு வண்டியை எடுத்தபோது மாத்திரைக்காக ஒரு பெண் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது. நாளைக்கு வரட்டும் என்று மிதித்துவிட்டார். அவள் வரவில்லை. அன்றைக்கே ஊசி போட்டு இறந்துபோனாள். “ரூல்ஸ்படிதானே போனீங்க” என்று மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்டால்தானே? அந்தக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஓடி வருவதுதான் அவருக்குத் தெரியும்.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வழக்கமான தெருவுக்குப் போய்ப் பள்ளத்தோரம் போட்டு உட்கார்ந்தார். “பெரியவரே, நாங்க ஒழுங்கா தோண்டுறோமான்னு பாக்க வந்தீங்களா?” என்று வேலையாட்கள் கிண்டலடித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்து மணிக்கு நர்ஸ் போனில் கத்தினாள். “அடுத்த எடத்துல பன்னெண்டு பேர் நிக்கிறாங்க! வாங்க, கெளம்பணும்!”

“அவங்களுக்கெல்லாம் போன் இருக்கு. லேட்டாகும்னு சொல்லு.”

“லேட்டா? நீங்களா பேசுறது?”

“சாவி என் பாக்கெட்டுல இருக்கு. நான் வந்தாத்தான் வண்டி நகரும்” என்று வைத்துவிட்டார்.

பத்தே முக்காலுக்கு வெல்டர் வந்தான். வேர்த்துக் கொட்டியது. ஸ்டூலைப் பார்த்ததும் அப்படியே நின்றான். டிரைவர் அவனை இழுத்துப் போய் வேனில் ஏற்றினார். மாத்திரை நாக்குக்கு அடியில் போனதும் ஆரம்பித்தார் பாருங்கள்:

“ஏன்டா, மணி என்ன? போன் இல்லைன்னா பக்கத்து வீட்டு நம்பரையாவது குடுத்துத் தொலையக் கூடாதா? வெயில்ல காய வெச்சுட்டியேடா என்னை!”

பத்து நிமிஷமும் திட்டித் தீர்த்தார். அவனோ, பாவம், வாயைத் திறக்க முடியாது. நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாத்திரை கரைந்தது.

“அண்ணே, நான் எட்டு மணிக்கே வந்துட்டேன். வண்டி இல்ல. எல்லாத்தையும் நிறுத்திட்டாங்கன்னு நெனச்சேன். பவுடர் விக்கிறவன் வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டேண்ணே. எதுக்கும் கடைசியா ஒரு தடவ பாத்துடலாம்னுதான் திரும்பி வந்தேன்.”

டிரைவர் கைக்குட்டையை எடுத்து அவனிடம் நீட்டினார்.

“நாளைக்கு வண்டி எங்கண்ணே நிக்கும்?”

“அது எங்க நின்னா உனக்கென்ன? நீ எப்பவும் வர்ற எடத்துக்கே வா. நான் ஸ்டூலோட இருப்பேன்.”

பதினொரு மணிக்கு வேன் கிளம்பியது. வெல்டர் வேலைக்கு நடந்து போவது கண்ணாடியில் தெரிந்தது. அவன் தெருமுனை திரும்பும் வரை டிரைவர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.