தாடைக்குள் நுழைந்த வாளை

கோயமுத்தூர் உக்கடம் மீன் மார்க்கெட்டில் காதர் பாய் கடைத் தூணில் ஓர் ஆணி. அதில் வளைந்த எலும்பு ஒன்று தொங்கியது; பாய் அதில் பிளாஸ்டிக் பைகளைக் கோத்து வைத்திருந்தார். மூன்று வருடம் விலங்கியல் படித்துப் பரீட்சையும் எழுதி முடித்தவள் நான். ஆனாலும் அது ஒரு மீனின் தாடை என்று உறைக்க அரை நிமிடம் ஆனது.

"பாய், இது என்ன மீனுங்க?"

"வாளை. அமராவதி டேம் வாளைங்க. நான் கடை போட்ட புதுசுல வந்துச்சு. ரெண்டு ஆளு தூக்கிட்டு வந்தாங்க." பைகளை உருவிவிட்டு, எலும்பைத் தம் வெள்ளைத் தொப்பிமேல் கிரீடம்போல வைத்துக் காட்டினார். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது.

"இப்ப வர்ற வாளை?"

கூடையிலிருந்து ஒன்றை எடுத்தார். என் முன்கை நீளம் இருக்கும். அதை அந்தத் தாடைக்குள் தலைப்பக்கமாக விட்டார். செதில் இல்லாத வழுவழு மீன். தலை போயிற்று, வயிறு போயிற்று, வால் உட்பட மறுபக்கம் வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே அணை, அதே தண்ணீர், அதே மீன். இடையில் என்னதான் நடந்தது?

"முதலை தின்னுருச்சும்பான் ஒருத்தன். மழை இல்லேம்பான் இன்னொருத்தன். போய்ப் பாத்தவன் எவனும் இல்லீங்க" என்றார் பாய்.

"நான் போறனுங்க பாய்" என்று சொன்ன பிறகுதான், போகப் போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

சோமனூரில் எட்டுத் தறி ஓட்டும் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "டேமுல மீன் கொறஞ்சா உனக்கென்ன அம்மணி? நூல் வெல ஏறிக் கெடக்குது, அது ஏன்னு பாரு!" கத்தியபடியே, துணி அளக்கும் டேப்பை என் பையில் போட்டவரும் அவர்தான்.

வெள்ளி, காலை 6.30. உக்கடத்திலிருந்து உடுமலைப்பேட்டை பஸ். பொள்ளாச்சி நாற்பது கிலோமீட்டர்; அங்கிருந்து உடுமலை முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். கிணத்துக்கடவு தாண்டியதும் ஜன்னலில் தென்னை, தென்னை, தென்னைதான். உடுமலையில் இறங்கி இரண்டு இட்லி, ஒரு காப்பி. அமராவதி அணைக்கு டவுன் பஸ், இருபத்தைந்து கிலோமீட்டர். பக்கத்தில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்தவர், "டேமுக்குங்களா? முதலைப் பண்ணை பாக்கவா?" என்றார். மீன் பார்க்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுக்குச் சந்தைக்கில்ல போகோணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலை 10.15. அணைமேல் ஏறி நின்றேன். மூன்று பக்கமும் ஆனைமலைத் தொடர், கருநீலமாக, இவ்வளவு அருகில். நடுவே நீர்த்தேக்கம் வற்றிச் சுருங்கிக் கிடந்தது. சேறு வெடித்து ஓடு ஓடாகக் காய்ந்திருக்க, அதன் நடுவில் பழைய ஆறு ஓடிய பள்ளத்தில் மட்டும் பச்சைத் தண்ணீர். கரையில் மரக்கட்டை ஒன்று கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்; கட்டை வாயைத் திறந்தது. முதலை! முதுகில் சில்லென்று ஏதோ ஓடியது, பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அது நம்மாளுதானுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அதுவும் மீன் திங்குது, நாங்களும் திங்கறோம். நாங்க ஒருத்தரை ஒருத்தரு கண்டுக்கறதில்ல."

அது பழனாள் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கலாம், தோளில் துடுப்பு. போய்ப் பார்க்கும்படி காதர் பாய் சொல்லி அனுப்பிய வேலுச்சாமி அண்ணனின் மனைவி. கணவனும் மனைவியும் ஒரே பரிசலில் போய் மீன் பிடிப்பவர்கள். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் அக்கா திரும்பி, "ஏனுங்க, இங்க வாங்க! வாளையைக் காணோம்னு கோயமுத்தூர்லருந்து தேடி வந்திருக்குது இந்தக் கண்ணு" என்று கூப்பிட்டார்.

வலையை உதறிக்கொண்டிருந்த வேலுச்சாமி அண்ணன் நிமிரவே இல்லை. "காணோம்னு ஆரு சொன்னது? சாயங்காலம் பரிசலுக்கு வரச் சொல்லு. கண்ணுல காட்டறேன்."

காட்டினார். மாலை ஐந்து மணிக்குப் பள்ளத்து மடுவில் போட்டிருந்த வலையை இழுத்தபோது, பரிசலின் அடி தெரியாமல் மீன் விழுந்தது. வாளை மட்டுமே இரண்டு கூடை. வெள்ளி வயிறுகள் துள்ளித் துள்ளி என் மடியில் விழுந்தன. நான் கத்தினேன், சிரித்தேன். பாய் சொன்னதெல்லாம் பொய் என்றே முடிவு கட்டினேன். "பாத்தீங்களா அம்மணி? வருசா வருசம் கோடையில இப்படித்தான். மீன் எங்க கொறஞ்சுது?" என்றார் அண்ணன். இங்கே மீன் பிடிக்கும் பதினோரு குடும்பமும் இதையேதான் சொல்கிறதாம்.

சனி, காலை. இரவு தங்கிய அக்கா வீட்டில் அப்பாவின் டேப்பை எடுத்தேன். ஒவ்வொரு வாளையாக அளந்து நோட்டில் எழுத, ஐம்பதாவது மீனில் கை நின்றது. எல்லாம் ஒரே நீளம். எங்கள் தறியில் விழும் துண்டு மாதிரி, விரல் அளவுகூட வித்தியாசம் இல்லை. வலையை எடுத்துப் பார்த்தேன். நூலும் இழையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, பரணில் கிடந்த பழைய வலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரிந்தது.

"அண்ணா, பழைய வலைக்கு அஞ்சு விரல் கண்ணு. இதுக்கு ரெண்டு விரல்தான் இருக்குதுங்க."

"மீன் சின்னதாச்சு. வலைக்கண்ணும் சின்னதாச்சு."

"வலைக்கண்ணு சின்னதானதால மீன் சின்னதாகியிருந்தா?"

அவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார். அருவாமனையில் மீன் அறுத்துக்கொண்டிருந்த பழனாள் அக்காவின் கை நின்றது. "இதைப் பாரு கண்ணு" என்று ஒரு வாளையின் வயிற்றைப் பிரித்துக் காட்டினார். பெண் மீன்தான். ஆனால் முட்டை இருக்க வேண்டிய இடத்தில் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் போல மெல்லிய இரண்டு இழைகள். அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஒரு தடவைகூட முட்டையிடாத குட்டிகளைத்தான் கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருந்தோம்.

"அப்ப நேத்து அவ்வளவு மீன் எப்படிக்கா வந்துச்சு?" என்று கேட்கும்போதே எனக்கு எங்கள் தெருக் குழாய் நினைவுக்கு வந்தது. கோடையில் சோமனூரில் எல்லாக் குழாயும் நின்றுபோய் ஒன்றில் மட்டும் தண்ணீர் வரும். விடிகாலையில் அங்கே வந்து பார்க்கும் வெளியூர்க்காரர், அடேயப்பா, இந்தத் தெருவில் இத்தனை ஜனமா என்பார். ஜனம் பெருகவில்லை, இருக்கிற அத்தனை பேரும் அங்கே நிற்கிறார்கள். அணை சுருங்கும்போது மிச்சமிருக்கும் மீன் முழுவதும் மடுவுக்கு வருகிறது. வலை நிறைகிறது. கடைசி மீன் வரைக்கும் நிறையும்!

இதை நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். வேலுச்சாமி அண்ணன் பீடியைக் கீழே போட்டார். "அப்ப பெருசுங்க? முட்டை உட ஒண்ணு ரெண்டு பெருசு இருக்கோணுமில்ல?"

"அதுங்க வலைக்குத் தப்பி வளர்ந்ததுங்க. அதுகளை எப்பப் புடிக்கறீங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அக்கா சொன்னார்: "புதுத்தண்ணியில."

மலையில் முதல் மழை பெய்து ஆற்றில் செந்தண்ணீர் இறங்கும் நாளில், சினை வாளைகள் அணையை விட்டு ஆற்றை எதிர்த்து ஏறும். மேலே ஆழமில்லாத நீரில் முட்டையிடும். ஆறு அணையில் சேரும் இடமான ஆற்றுவாய் வழியாகத்தான் அவை நுழைய வேண்டும்; அது குறுகல். அங்கே வலை கட்டும் உரிமை பதினோரு குடும்பங்களுக்கும் முறை வைத்துச் சுற்றி வருகிறது. முறைக்காரர் தவிர வேறு யாரும் அடுத்த பௌர்ணமி வரை அங்கே வலை நனைக்கக் கூடாது. "எங்க முறையில ஒருக்கா இவருக்குக் காச்சல் கண்டு எந்திரிக்கவே முடியல. ஆத்துவாய் சும்மாவே கெடந்துச்சு. ஒருத்தரும் கைவெக்கலியே!" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பதினோரு வருசம் கழிச்சு இந்த வருசம் எங்க முறை கண்ணு."

பரணில் கிடந்த ஐந்து விரல் வலை எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அதன் கிழிசல்களெல்லாம் புதிதாகப் பின்னப்பட்டிருந்தன. வேலுச்சாமி அண்ணன் பதினோரு வருடமாகக் காத்திருக்கும் நாள் நெருங்கும்போது, டேப்போடு வந்து நிற்கிறேன் நான். மதியம் மலை உச்சி கறுத்தது.

ஞாயிறு, காலை 5.45. முதலில் சத்தம்தான் வந்தது. தொலைவில் ஒரே நேரத்தில் நூறு தறி ஓடுவது போல. பரிசலில் ஆற்றுவாய்க்குப் போனோம். அண்ணனின் காலடியில் ஐந்து விரல் வலை மடித்துக் கிடந்தது. விடியும் வெளிச்சத்தில் தண்ணீர் வந்தது. சருகும் நுரையும் சுள்ளியும் சுமந்துகொண்டு, செம்மண் கரைசலாக. ஈர மண் வாசம் முகத்தில் அடித்தது. கரையில் மற்றப் பரிசல்காரர்கள் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அவை வந்தன.

நுரைக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு நெளிந்தது. பரிசலின் இந்த ஓரத்தில் தலை, அந்த ஓரத்தைத் தாண்டி வால். அடுத்து ஒன்று. அதன் பின்னால் சின்ன ஆண் மீன்கள் இரண்டு. ஒரு பெரிய வாளை, ஆழமில்லாத இடத்தில் முதுகு முழுக்க வெளியே தெரிய, வயிறு கல்லில் உரச, நீரைப் பிளந்துகொண்டு ஏறியது. அதன் வாய் திறந்து மூடியது. காதர் பாயின் தூணில் தொங்கிய அதே வாய்! அந்த எலும்புக்கு உயிர் வந்து என் கைக்கெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் பரிசல் விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தேன், பெரியவை ஒன்பதே ஒன்பது.

"ஏப்பா வேலுச்சாமி, பாத்துட்டே நின்னா எப்படி? மாலை போட்டு வரவேற்கறியா?" என்று கரையிலிருந்து முத்தான் கத்தினார். அடுத்த வருட முறை அவருடையது.

வேலுச்சாமி அண்ணன் வலையைத் தூக்கினார். பழனாள் அக்கா துடுப்பை ஊன்றிப் பரிசலை அசையாமல் நிறுத்தினார். அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. போடாதீர்கள் என்று நான் சொல்ல முடியாது. பதினோரு வருடம் காத்திருந்தது நானல்ல.

"இதுங்க ஏறித்தான ஆகோணும்" என்றார் அவர், தமக்குத்தாமே. "ஏறுனா எறங்கியும் ஆகோணும்." வலை திரும்பவும் பரிசலுக்குள் விழுந்தது. "முட்டை உட்டுப்போட்டு வரட்டும். எறங்கறப்பப் புடிச்சுக்கறேன். பௌர்ணமிக்கு இன்னும் எட்டு நாளு கெடக்குது."

"எறங்கறப்ப டேமுத் தண்ணி ஏறியிருக்கும்டா, கூறுகெட்டவனே! ஆத்துவாய் பத்துப் பரிசல் அகலம் ஆயிரும். வலை எட்டுமா?" முத்தான் எழுந்தே நின்றுவிட்டார்.

"எட்டுனா எட்டுது." அண்ணன் வலையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "இந்த வருசம் என்ற முறை. நானும் போடல, நீங்களும் போடக்கூடாது."

கரையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஒன்பதும் ஏறிப் போயின.

அன்று மாலை அணையை விட்டுக் கிளம்பினேன். பஸ் ஏற்றிவிட வந்த பழனாள் அக்கா, "எங்கூட்டுக்காரர் கெடக்கறாரு, உடு. பேச்சு வர ரெண்டு நாள் ஆகும். போயிட்டு வா கண்ணு" என்று சிரித்தார். உடுமலை வரைக்கும் என் காதில் அந்த நூறு தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஓர் இன்லண்ட் லெட்டர், பழனாள் அக்காவின் கோணல் எழுத்தில். 'தண்ணி அகலமாயிருச்சு. எறங்குனதுல ரெண்டுதான் மாட்டுச்சு. முட்டையில்லாம தொளதொளன்னு இருந்துச்சு. ஊரே சிரிக்குது. இவரு வெளிய தலைகாட்டறதில்ல. ஆனா நேத்து முத்தான் வந்து, மேல சின்ன வாளைக்குஞ்சு நெளியுதாமே, மெய்யான்னு கேட்டுட்டுப் போனான். எங்களுக்கு எண்ணத் தெரியல. நீ வா.'

குஞ்சுகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று எண்ணிக் காட்டினால்தான் முத்தான் தம் முறையில் வலையை மடித்து வைப்பார். இல்லையென்றால் வேலுச்சாமி அண்ணன் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு வருடத்தோடு சரி. குஞ்சு சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. எந்த வலைக்கும் சிக்காது. கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கடைசித் தறியை நிறுத்திவிட்டு, பாவில் ஒன்றுவிட்டு ஒன்றாக இழையை உருவ ஆரம்பித்தார்.

"தண்ணி நிக்கக் கூடாது, குஞ்சு போகக் கூடாது. அப்படித்தான அம்மணி?"

"ஆமாங்கப்பா. அள்ளி எண்ணிப்போட்டு, திரும்ப உடறதுக்குங்க."

நாலு கஜம் நெய்து தருகிறாராம். ஆவணி பிறந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். உக்கடத்தில் இறங்கி, காதர் பாயிடம் அந்தத் தாடையைக் கடன் கேட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தக் கிரீடம் முத்தானின் தலைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.