கன்னையா மையாடிய ஏடு

கிள்ளான் ஆற்றுத்துறை ஜெட்டியில் கன்னையாவின் கை பட்டவன் அன்றைக்கே எழுந்து நடந்ததாகச் சரித்திரம் இல்லை. பதினேழு வயதில் மேல்சட்டை இல்லாமல் மலாய் நாட்டில் கப்பல் இறங்கியவன். பிரிக்பீல்ட்ஸ் சூளையில் செங்கல் சுமந்து, தோள் காய்த்து, சொந்தமாக மூன்று ஜோடி மாடும் வண்டியும் வாங்கினான். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டான். எவன் தயவும் இல்லை. இன்றைக்குப் புத்தகப்பை தூக்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது வரும்?

அந்த ஏடு அவன் கைக்கு வந்ததே ரத்தத்தோடுதான். ஒருநாள் பட்டப்பகலில் ஜெட்டியில் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தபோது, சுமத்ராவிலிருந்து தோணியில் வந்த கிழவன் ஒருவனை நாலு ரௌடிகள் வளைத்துக்கொண்டார்கள். கன்னையா வண்டியின் முளைக்குச்சியை உருவிக்கொண்டு பாய்ந்தான். ஒருத்தன் மணிக்கட்டு சுள்ளி மாதிரி முறிந்தது. இன்னொருத்தன் மண்டை உடைந்து ஆற்றுச் சேற்றில் விழுந்தான். மற்ற இருவரும் எடுத்தார்கள் ஓட்டம். ஆனால் கிழவன் விலாவில் கத்தி முந்திவிட்டது. கிழவன் கக்கத்தில் இடுக்கியிருந்த பொட்டலத்தைக் கன்னையாவின் கையில் திணித்து, புரியாத பாஷையில் என்னவோ சொல்லிக்கொண்டே அவன் மடியில் உயிரை விட்டான்.

பொட்டலத்துக்குள் ஒரு ஏடு. மரப்பட்டையைத் தட்டித் தகடாக்கி, விசிறி போல மடித்து, இரண்டு பக்கமும் பலகை வைத்திருந்தது. மடிப்புக்கு மடிப்பு வளைவும் நெளிவுமாக எழுத்து. மலாய்க்காரர், சீனர், பள்ளிவாசல் லெப்பை என்று எல்லோரிடமும் காட்டியாயிற்று. படிக்க ஆளில்லை.

அன்றிலிருந்து கன்னையா ஆராய்ச்சிக்காரன் ஆனான். ஞாயிற்றுக்கிழமை என்றால் அய்யாவு காப்பிக்கடையில் ஏட்டை விரித்துவிடுவான். எதிரே கார்த்திகேசு உட்காருவார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் கிராணி, குமாஸ்தா வேலை. மடிப்பு நாலைப் பார்த்துக் காகிதத்தில் அச்சாக எழுதி வைத்திருந்தவர். கடல் கடந்து வந்த சோழ நாட்டு வியாபாரிகள் எழுதிய பழந்தமிழ் என்பது கன்னையாவின் கட்சி. சுமத்ரா மலைச்சாதிக்காரரின் வைத்திய மந்திரம் என்பது கார்த்திகேசுவின் கட்சி. புதையலுக்கு வழி என்பான் அய்யாவு. பேச்சு முற்றினால் கிளாஸ் பறக்கும், பெஞ்சு உடையும். கடைக்காரனே ஒரு கட்சி என்பதால் யாரும் கணக்குக் கேட்டதில்லை.

கார்த்திகேசு அந்த நாலு மடிப்பையும் இன்னொரு பிரதி எழுதிச் சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரப் பண்டிதருக்கு அனுப்பியிருந்தார். பண்டிதரின் பதில் இங்கிலீஷ் பத்திரிகையில் அச்சாகி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது.

"இழுக்காம சொல்லும் கிராணியாரே, தமிழ்னுதானே எழுதியிருக்கான்?" என்றான் கன்னையா.

"இது பாஷையே இல்லையாம். ஆரோ விக்கிறதுக்கெண்டு கீறின கள்ள வேலையாம். நாளைக்கு மியூசியத்திலயிருந்து ஒரு துரை வந்து ஏட்டைப் பார்ப்பாராம். பிறகு உம்மடை பேரையும் போட்டு எழுதப்போகினமாம்."

"அப்ப கள்ளன் நம்ம கன்னையா அண்ணேதான் லா!" அய்யாவு சிரித்தான். சிரித்த வாயில் கொதிக்கும் காப்பி வந்து விழுந்தது. அலறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான்.

கன்னையாவுக்குக் கண் சிவந்துவிட்டது. கொலைகாரன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். உழைத்துச் சம்பாதித்த பேர் அது. அதைக் கள்ளன் என்று அச்சடித்துவிட்டால் யார் அழிப்பது?

"எழுத்து மங்கிக் கிடக்கு. அதான் அவனுக்கு விளங்கல. எங்க ஊர் மடத்துல சுவடிக்கு மையாடுவாங்க. வசம்புக் கரி, ஊமத்தஞ்சாறு, விளக்கெண்ணெய் கலந்து தடவித் துடைச்சா எழுத்து பளிச்சுனு எந்திரிச்சு நிக்கும். இங்கயே பண்றேன், பாரும்!"

"உமக்கென்ன விசரே? அது ஓலை காணும்! எழுத்தாணியாலை கீறினது. கீறின பள்ளத்திலை கரி நிக்கும். இது மையாலை எழுதின பட்டை. பூசினீரெண்டால் எல்லாம் துலையும்!"

"மாடு நடந்துக்கிட்டே மூத்திரம் பேஞ்ச கோடுன்னு போன வாரம் இந்த எழுத்த நக்கல் பண்ணின வாய்தானே இது? இப்ப என்ன கரிசனம்?"

அய்யாவின் அடுப்புக் கரியை எண்ணெயில் குழைத்து முதல் மடிப்பில் அப்பினான். கார்த்திகேசு மேசைமேல் பாய்ந்து ஏட்டைப் பிடித்து இழுத்தார். பட்டை நடுவில் கிழிந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கன்னையா உடைந்த பெஞ்சுக்காலை எடுத்தான். ஒரே அடி. கார்த்திகேசுவின் வலது முன்கை வளையக் கூடாத பக்கம் வளைந்தது. அவர் தரையில் உருண்டு கத்திக்கொண்டிருக்க, கன்னையா மிச்ச மடிப்புகளிலும் தடவி முடித்துத் துணியால் துடைத்தான். எழுத்து எழவில்லை. இன்னும் எண்ணெய் விட்டான். பட்டை அதைக் குடித்து மறுபக்கமும் கறுத்தது. ஆத்திரத்தில் தேய்க்கத் தேய்க்க நார்தான் வந்தது. கடைசியில் அவன் கையில் இருந்தது கரிச்சட்டி துடைத்த கந்தல்.

கன்னையா சுவரில் தலையை முட்டிக்கொண்டான். தடுக்க வந்தவனுக்கு மூக்குடைந்தது.

வீட்டில் அவன் பெண்சாதி வீரம்மா கேட்டாள்: "அடிச்சு முடிச்சாச்சா? நாளைக்குத் துரை வந்து என்னத்தப் பாப்பான்? திருட்டு வெளிப்படும்னு பயந்து நீயே அழிச்சிட்டன்னு எழுதுவான்."

கன்னையா கையில் ஒட்டிய கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

"எழுத்து இருந்துச்சுன்னு சொல்லக்கூடிய படிச்ச ஆளு ஊர்ல ஒருத்தர்தான். அவரு கையத்தான் ஒடைச்சிட்டு வந்திருக்க."

மறுநாள் காலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்றான். பலகை வைத்துக் கட்டிய கையோடு கார்த்திகேசு வெளியே வந்தார்.

"கிராணிக்கு வலக்கைதான் சோறு, தெரியுமோ?"

"தெரியும். அதுக்கு என்ன கேட்டாலும் தரேன். நகலை எடுத்துக்கிட்டு வந்து துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்."

"உம்மடை காசு எனக்கு வேண்டாம். நேற்று எல்லாரும் பார்க்க அடிச்சீர். இண்டைக்கு எல்லாரும் பார்க்க வாங்கும்."

அய்யாவு கடைமுன் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாய் வெந்துபோன அய்யாவு முன்வரிசையில் நின்றான். ஜெட்டி ரௌடிகளே கிட்டே வரப் பயப்படும் கன்னையா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கார்த்திகேசு இடது கையில் ஒரு செங்கல்லை எடுத்தார். பழகாத கை.

"தாராளமா அடியும். நான் நகரமாட்டேன்."

செங்கல் வாயில் விழுந்தது. முன்பல் இரண்டும் மண்ணில் தெறித்தன. ரத்தம் கொட்டி மார்பு நனைந்தது. கன்னையா ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. பெற்ற தாய் கொடுத்த உடம்பு! கல்லைப் போட்டுவிட்டு மூச்சு வாங்கியது கார்த்திகேசுவுக்குத்தான்.

மதியம் துரை வந்தபோது இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். ஒருவருக்குக் கையில் கட்டு, இன்னொருத்தனுக்கு வாயில் துணி. கார்த்திகேசு நாலு காகிதத்தையும் மேசையில் வைத்து இங்கிலீஷில் சொன்னார்: இது இந்த ஏட்டிலிருந்து நானே எழுதியது, எழுத்து இருந்தது சத்தியம், அழிந்தது அறியாமையால், இந்த மனுஷன் கள்ளன் இல்லை. துரை கந்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நகலை நெடுநேரம் பார்த்தார். 'கள்ள வேலை' என்பதை அடித்துவிட்டு, 'இன்ன எழுத்தென்று தெரியவில்லை' என்று குறிப்பில் எழுதிக்கொண்டார். கார்த்திகேசு அதைப் படித்துச் சொன்னதும் கன்னையா துணியை எடுத்து ரத்தத்தைத் துப்பினான்.

"உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று துரை மலாயில் கேட்டார்.

"மந்திரம்" என்றார் கார்த்திகேசு.

"தமிழ்!" என்றான் கன்னையா, முன்பல் இல்லாத வாயால், கார்த்திகேசுவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு.