தற்செயலாகப் பார்க்கப் போன கோட்டை

ஸ்காட்லாந்தில் நாங்கள் கோட்டை கோட்டையாக ஏறி இறங்கியது, என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களைத் தற்செயலாகச் சந்திப்பதற்காக. ஊரில் யாரிடமும் இப்படிச் சொல்லவில்லை. அண்ணன் கூப்பிட்டான், எனக்கும் பள்ளிக்கூட லீவு, போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம் என்றுதான் சொன்னோம். போட்டோக்களைப் பார்த்தவர்களும் நம்பினார்கள். பின்னால் மலையும் ஏரியும் இடிந்த சுவரும் இருக்க, முன்னால் நாங்கள் எல்லோரும் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது இரண்டு விதம். வீட்டுக்கு வந்து, கேசரி வடை சாப்பிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்லிவிடுறோம்" என்று போவது ஒன்று. அவர்கள் சொல்லிவிட மாட்டார்கள் என்பது வடை தீரும்போதே தெரிந்துவிடும். இன்னொன்று, தற்செயலாகப் பார்ப்பது. இரண்டு வீட்டாரும் நாள், இடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒரு கோயிலிலோ ஜவுளிக்கடையிலோ எதிர்பாராமல் சந்தித்துக்கொள்வார்கள். பிடித்தால் மேற்கொண்டு பேசலாம். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை, யாருக்கும் தலைகுனிவு இல்லை. எதற்காக வந்திருக்கிறோம் என்று கடைசி வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். தெரிந்த ஊரையே "நீங்க எந்த ஊரு?" என்று கேட்க வேண்டும். பெண் சாதாரணமாக இருக்க வேண்டும், ஆனால் நன்றாக இருக்க வேண்டும். சிரிக்கலாம், பல் தெரியக் கூடாது.

இந்த முறையில் நான் வைகை அணைப் பூங்காவிலும், வீரபாண்டி கோயிலிலும், தேனியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியிலும் தற்செயலாகப் பார்க்கப்பட்டிருக்கிறேன். ஒரு வீட்டார் குச்சனூருக்கு, அதுவும் சனிக்கிழமை வரச் சொன்னார்கள். "பொண்ணு பாக்க சனீஸ்வரன் சன்னதிதான் கெடச்சுச்சா?" என்று அம்மா மறுத்துவிட்டாள். மறுத்திருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது. மற்ற தெய்வங்களும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

ஒவ்வொரு முறை "தோதுப்படல" என்று சேதி வந்ததும் அப்பா திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். கோபம் எல்லாம் இல்லை. என் முகத்தைப் பார்க்க அவரால் முடியாது. பந்தலுக்கு அடியில் குனிந்தே நடந்து, இருட்டிய பிறகு வந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். சில நாள் இப்படிப் போகும். வேண்டாம் என்று சொன்னவர்களைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிடுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு இருபத்தெட்டு வயதானபோது சின்னமனூரிலிருந்து ஒருவர் கேட்டு வந்தார். அரிசி ஆலை வைத்திருந்தார், மனைவி இறந்துவிட்டார், என்னைவிட ரொம்ப மூத்தவர். தற்செயல் எதுவும் இல்லாமல் நேராக வீட்டுக்கே வந்து, வடையைக் கையில் எடுக்கும் முன்பே சம்மதம் என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் தேனியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் என்பது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். அந்த வீட்டில் போய் வாழ்வதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் "வேற யாரு வாரா?" என்றுதான் கேட்பார்கள். "கடைசியா ஒரு எடம் பாப்போம். அதுவும் தட்டிப்போச்சுன்னா சின்னமனூருக்குச் சரின்னு சொல்லிருவோம்" என்று அம்மா முடிவு செய்தாள். அப்பா தலையை ஆட்டினார்.

அந்தக் கடைசி இடத்தைக் கொண்டு வந்தது மதினியின் சித்தி. மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணனும் அவளும் எடின்பரோவில் இருந்தார்கள். பையனுக்கு இங்கிலாந்தின் வடக்கே வேலை. அவனுடைய அப்பா அம்மா அந்தக் கோடையில் அவனோடு வந்து தங்கியிருந்தார்கள். அவர்கள் வீடு பழனிசெட்டிபட்டியில். எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால் உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்கிவிடலாம். அவர்களைத் தற்செயலாகச் சந்திக்க நாங்கள் விசா எடுத்தோம்.

வந்ததும் நேராக அந்தக் கோட்டைக்குப் போனால் அது தற்செயலாக இருக்காது என்று அண்ணன் வேறு சில கோட்டைகளையும் சுற்றிக் காட்டினான். அப்பாவுக்குக் கோட்டைகளின்மேல் பெரிய மதிப்பு வரவில்லை. பல கோட்டைகளுக்குக் கூரை இல்லை. "பராமரிக்க ஆளில்லாம விட்டுட்டாங்க போல" என்றார். அவர் பார்த்ததெல்லாம் வழி நெடுக இருந்த மலைச்சரிவுகளை. "இம்புட்டு மழ பெய்யுது. ஒருத்தனும் ஒண்ணும் வெள்ளாமை வைக்கல. ஆட்ட விட்டுட்டு வீட்டுக்குள்ள இருக்கானுக" என்று தினமும் ஒரு தடவையாவது வருத்தப்பட்டார். அம்மா கோட்டைக்குள் நுழைந்ததும் அடுப்படி எங்கே என்று கேட்பாள். அடுப்படியைப் பார்த்ததும் அவளுக்குக் கோட்டை முடிந்துவிடும். கார் நிறுத்துமிடத்தில், டிக்கியைத் திறந்து வைத்து, மழைக்கு ஒதுங்கி நின்று புளிச்சோறு சாப்பிடுவோம். அது எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையில் இருந்த கோட்டை. அதுதான் பேசி வைத்தது. அம்மா எனக்காகத் தேர்ந்தெடுத்திருந்த மாம்பழக்கலர் பட்டுப்புடவை, மதினியின் குளிர் அங்கிக்குள் முழங்கால் வரை மறைந்துவிட்டது. பூ கிடைக்கவில்லை. பையனின் போட்டோ ஒன்றுதான் கையில் இருந்தது. பனியில் நிற்கிறான், கம்பளிக் குல்லாய், கறுப்புக் கண்ணாடி. அது யாராகவும் இருக்கலாம். அவன் பெற்றோரை நாங்கள் பார்த்ததில்லை. போன் செய்து அடையாளம் கேட்கலாம் என்றான் அண்ணன். "பறக்காவெட்டின்னு நெனப்பாக" என்று அம்மா தடுத்துவிட்டாள்.

அடையாளம் கேட்கத் தேவையும் இருக்கவில்லை. கோட்டை முற்றத்தில், மஃப்ளரைக் காதோடு சுற்றிய ஒரு பெரியவரும், சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்ட ஓர் அம்மாவும், கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு வாலிபனும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அவுகதான்" என்றாள் அம்மா. "நேராப் பாக்காத. அந்தப் பீரங்கியப் பாரு."

எல்லோரும் பீரங்கியைப் பார்த்தோம். அவர்களும் வந்து பீரங்கியைப் பார்த்தார்கள். அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்து, "தமிழா? நீங்க எந்த ஊரு?" என்றார். அம்மா "மதுரைப் பக்கம்" என்று பட்டும் படாமல் சொல்லிவிட்டு, அவர்கள் எந்த ஊர் என்று கேட்டாள்.

"திண்டுக்கல்."

அம்மாவின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. பழனிசெட்டிபட்டியை இப்படி மூச்சுவிடாமல் மறைப்பவர்களை அவள் அதுவரை பார்த்ததில்லை. "எம்புட்டுப் பக்குவமாப் பேசுறாக பாத்தியா?" என்று என் காதில் சொன்னாள். அதன் பிறகு அவர்கள் பூட்டு வியாபாரம் பற்றிச் சொன்னதும், சிறுமலை வாழைப்பழம் பற்றிச் சொன்னதும் அம்மாவுக்கு மதிப்பைக் கூட்டிக்கொண்டே போனது. அப்பாவுக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் வராது. ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கப் போய்விட்டார். அண்ணனும் மதினியும் அவரோடு போனார்கள்.

"எனக்கு முட்டி வலி, மேல ஏற முடியாது" என்றார் அந்த அம்மா.

"எனக்குந்தான்" என்றாள் அம்மா உடனே. அவளுக்கு முட்டியில் ஒன்றும் கிடையாது. "சின்னப் பிள்ளைக வேணா ஏறிப் பாத்துட்டு வரட்டுமே."

கோபுரத்தின் உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகத் தள்ளி நின்றான். ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினான். அவனுடைய அப்பா ஒவ்வொரு கோட்டைக்கும் வாஸ்து பார்த்துக்கொண்டு வருகிறாராம். இதுவரைக்கும் ஒரு கோட்டையும் தேறவில்லையாம். "இந்த ராஜா தோத்ததுக்குக் காரணம் எதிரி இல்லையாம். ஈசானிய மூலைல கக்கூஸ் கட்டிட்டாங்களாம்" என்றான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பல் தெரியக் கூடாதே.

பிறகு, பெரியவர்கள் காதில் விழாதபோது வழக்கமாக எல்லாப் பையன்களிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போறதுல ஆட்சேபணை இருக்கா?"

"யாரு போறதுக்கு?"

"நான்தான்."

அவன் என்னையே பார்த்தான். "தாராளமாப் போங்க" என்றான். "ஆனா நான் ஏன் ஆட்சேபிக்கணும்?" அப்படியே கீழே கார் நிறுத்துமிடத்தைக் காட்டி, "என் வொய்ஃப் வேலைக்குத்தான் போறாங்க. பையன் வண்டியில தூங்கிட்டான்னு கூட இருக்காங்க, இப்ப வந்துருவாங்க" என்றான்.

நான் சிரித்தேன். அடக்கி வைத்திருந்த ஈசானிய மூலையும் சேர்ந்துகொண்டது. சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். சிரிப்புக்கு நடுவே திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னதும் அவனும் சிரிக்கத் தொடங்கினான். "எங்கம்மாகிட்ட உங்கம்மா என் சம்பளத்தக் கேட்டாங்களே, அதான் பாத்தேன்" என்றான். அப்படிச் சிரித்து எனக்கு ரொம்ப நாளாகியிருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது.

இறங்கி வந்தபோது அவன் மனைவி குழந்தையோடு வந்து நின்றிருந்தாள். அம்மா அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையை நான் சொல்லப் போவதில்லை. குழந்தை பாவம், ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் எங்களுக்கு முறுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

உண்மையான வீட்டாருக்காக நாங்கள் அதே பீரங்கியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். மழை தூறியது. கடைசியில் வாயிற்காப்பாளர் வந்து, மூடப் போகிறோம் என்று தன்மையாகச் சொன்னார். வண்டியில் ஏறிய பிறகுதான் அண்ணனின் போன் அடித்தது. மதினியின் சித்தி. அவன் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டு, போனை வைத்துவிட்டு, கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னலே சொன்னாக?" என்றார் முன்சீட்டில் இருந்த அப்பா.

"அவுக நமக்கு முன்னாடியே வந்துட்டாகளாம்ப்பா. கோட்ட டீக்கடைல, கண்ணாடிப் பக்கத்துல உக்காந்து பாத்துருக்காக. நம்ம கூட வேற ஆளுக இருக்கவும் கிட்ட வரலயாம்." அண்ணன் தயங்கினான். "பொண்ணு கோட்ட மேல யாரோ ஒரு பையன் கூட நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்துச்சாம். தங்களுக்குத் தோதுப்படாதுன்னு சொல்லிட்டாகளாம்."

எனக்கு இனி சின்னமனூர்தான். அம்மா ஆரம்பித்தாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பல்லக் காட்டாத, பல்லக் காட்டாதன்னு. கேட்டாளா?"

அப்பா அவளைக் கவனிக்கவில்லை. "சிரிச்சியா ஆத்தா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாப்பா."

"என்னத்துக்கு?"

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து, ஈசானிய மூலை வரைக்கும் சொன்னேன். அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அங்கன கக்கூஸு இருக்கக் கூடாதுதான்" என்றார். பிறகு அதே குரலில், "சின்னமனூருக்கும் போனப் போட்டு வேணாம்னு சொல்லிரு" என்று அம்மாவிடம் சொன்னார்.

"அவரு என்னங்க பண்ணுனாரு?" என்றாள் அம்மா.

"அவரு ஒண்ணும் பண்ணல. அவரு வந்துட்டுப் போனதுல இருந்து இவ சிரிச்சு நான் பாக்கல."

நான் அழுதேன். மறைக்க முயற்சி செய்யவில்லை. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் வண்டியைக் கிளப்பினான். மலைச்சரிவும் ஆடுகளும் வந்தன, அப்பா அவற்றைப் பார்க்கவில்லை. சீட்டு பெல்ட் இழுக்க இழுக்க, உடம்பைத் திருப்பிப் பின்சீட்டில் இருந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கழுத்து வலிக்கும், நேரா உக்காருங்கப்பா" என்றான் அண்ணன்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.