நாலாவது கிராஸின் நீலப் புள்ளி

பிலோமினா மேடம் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

இருபத்தாறு வருஷம் ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் விட்ட கதைகளை ஃபைல் போட்டு அடுக்கியிருந்தால் அந்த பில்டிங்கே இடிந்து விழுந்திருக்கும்... அதில் ஒன்றைக்கூட நம்பாத ஒரே ஆத்மா அவர்தான்.

அப்படிப்பட்டவரை ஒரே ஒரு முறை ஏமாற்றிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரிட்டயர் ஆனதும் மேடம் பிரேசர் டவுனிலிருந்து ஜீவனஹள்ளி வரை தெருத் தெருவாக நடக்க ஆரம்பித்தார். யாரும் நடாமல் தானாக முளைக்கிற செடிகளைக் குறித்துக்கொள்ள. காலேஜ் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து செய்த வேலை.

சுவரில் பாசியும் பெரணியும் இருந்தால் அந்த இடம் குளிர்ச்சி, மேப்பில் நீலப் புள்ளி. வெயில் தாங்கும் சாரணைக் களை மட்டும் படர்ந்திருந்தால் சூடு, சிவப்புப் புள்ளி. சிவப்பு அதிகமுள்ள தெருவுக்குத்தான் முதலில் மரக்கன்று.

எங்கள் தெரு, நாலாவது கிராஸ், முழுக்கச் சிவப்பு. ஏப்ரலில் இங்கே காக்காய் செருப்பு போட்டுக்கொண்டுதான் நடக்கும். வாசலில் அப்பளத்தை வைத்துவிட்டுத் திரும்பினால் பொரிந்திருக்கும்...

நான் சும்மா இருப்பேனா? மச்சான் வீட்டுக் கிணற்றுச் சுவரிலிருந்து நாலு பெரணியைப் பெயர்த்து வந்து, என் மதில் வெடிப்பில் களிமண் வைத்துச் செருகினேன். தினமும் காபிக்கு முன்னால் தண்ணீர். பத்தே நாளில் என் மதில் மேற்குத் தொடர்ச்சி மலை ஆகிவிட்டது.

சனிக்கிழமை மேடம் வந்தார். பூதக்கண்ணாடியும் கையுமாகத் தெருவிலேயே மண்டி போட்டுவிட்டார்.

"ஏ பாலு! இங்க பாருப்பா... பெரணி! இந்த அடுப்புல எப்படிப்பா?"

"நம்ம வீட்டு மகிமை மேடம். இமயமலையே ட்ரான்ஸ்ஃபர் கேட்டு வந்துடுச்சி."

"சும்னிரு பாலு. உன்ன நம்புனா அவ்ளோதான். செடி பொய் சொல்லாது."

அந்த நிமிஷமே சிரித்துச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன்... நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று காபி கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

அதன்பிறகும் ஐந்து சனிக்கிழமை வந்தார். மதிலில் தெர்மாமீட்டரை வைப்பார். மற்ற சுவர்களைப் போலவே அதுவும் கொதிக்கும்.

"தெர்மாமீட்டர்தான் கெட்டுப்போச்சி போல பாலு." அதை உதறி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி வைப்பார்.

என் மதிலை ஒரு முறைகூடச் சந்தேகப்படவில்லை.

கடைசியில் நீலமே போட்டார். "உங்க தெரு கொஞ்சம் தாங்கும். கன்னு மொதல்ல மத்தவங்களுக்குப் போவட்டும்." எதிரில் வெயிலில் நின்று இஸ்திரி போடுகிற செல்வி அதற்கும் தலையாட்டினாள்.

தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். ஒரே வாரத்தில் பெரணி கருகிவிட்டது. அதைப் பார்க்க மேடம் வரவில்லை, உடம்பு முடியாமல் படுத்துவிட்டார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன், சத்தியமாக. மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி, "பெரணி எப்படி இருக்கு?"

"காடா வளந்து கெடக்கு மேடம். புலி பூந்துடாம பாத்துக்கணும்."

சிரித்தார்... நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

காலேஜ் பிள்ளைகளே, இதைப் படித்தால்... நாலாவது கிராஸில் ஒரே ஒரு நீலப் புள்ளி இருக்கும். என் வீடு. அதைச் சிவப்பாக்கிவிடுங்கள். தப்பு என்னுடையது, மேடத்தினுடையது இல்லை.

முதல் கன்றைச் செல்வியின் இஸ்திரி வண்டி பக்கத்தில் வையுங்கள். தண்ணீர் நான் ஊற்றுகிறேன். அதில் அனுபவம் இருக்கிறது.

போய் வாங்க மேடம்.

உங்க தெர்மாமீட்டர் நல்லாத்தான் இருந்துச்சு.