‘இல்லீங்க’ என்று சொல்லக் கற்ற அக்கா

நினைவு மலர்களில் வரும் அமரர்கள் எல்லோரும் ஒரே சாடையில் இருப்பார்கள். அதிர்ந்து பேசாதவர், யார் மனதையும் நோகடிக்காதவர், வந்தவர்க்கெல்லாம் இலை போட்டவர். எங்கள் அக்காவைப் பற்றியும் அப்படி எழுதிவிடலாம்தான். ஆனால் இதைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப்பேர், அச்சகத்தில் மலர் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். உங்களில் பலருக்கு அக்கா வேலை தர மறுத்தார். சிலருக்குத் தந்து, பிறகு நிறுத்தினார். என்னையும் நிறுத்தினார். உடன்பிறந்தவன் என்பதைவிட அந்தத் தகுதியில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

குன்னத்தூருக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். சில ஆண்டுகள் யோசித்துவிட்டு நான் பிறந்தேன். பள்ளியில் அக்காவின் மதிப்பெண்ணை வாத்தியார்கள் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் அப்பா, “பையன் படிக்கட்டும். புள்ள படிச்சு என்ன கலெக்டராகவா போகுது?” என்றார். அக்கா வீட்டோடு நின்றார். நான் படித்தேன். நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் ஆங்கில இலக்கியம் வரைக்கும் படித்தேன். அதனால் குடும்பத்துக்கு விளைந்த நன்மை என்னவென்று கேட்டால், இந்தக் கட்டுரை.

பிறகு அக்கா திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டார். மாமா வீட்டார் முருகனையும் தறியையும் நம்பி இருந்தவர்கள். மாமா தறியை விட்டுப் பனியனுக்கு வந்தார், முருகனை விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடத்தில் சில தையல் மெஷின்கள், அதுதான் கம்பெனி. அக்கா காலையில் தையல்காரர்களுக்கும் சேர்த்துச் சமைப்பார், மதியம் தைத்த துணியில் பிசிறு வெட்டுவார், சாயங்காலம் மறுபடியும் சமைப்பார். இப்படியே பல வருடங்கள். பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. என்னைத்தான் பிள்ளையாக நினைத்தார் என்று துக்கத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் சொன்னார். தன் பிள்ளையைப் பற்றி எந்தத் தாய்க்கும் அவ்வளவு குறைந்த அபிப்பிராயம் இருக்க முடியாது.

மாமா அவர்கள் நம்மோடு இருக்கிறார், இதைப் படிப்பார். எனவே கவனமாகச் சொல்கிறேன். அவரைவிட நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. அவரைவிட மோசமான முதலாளியையும் பார்த்ததில்லை. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும்: “ஆகட்டுங்க.” கடைவீதியில் அவருக்கு அதுவே பெயர். வெளிநாட்டுக்காரருக்காகச் சரக்கு வாங்கும் பையிங் ஆபீஸ்காரர் ஒருவர் பதினைந்தாம் தேதி சரக்கு வேண்டும் என்பார். ஆகட்டுங்க. அதே தேதிக்கு இன்னொருவர் கேட்பார். ஆகட்டுங்க. மூன்றாவது ஆளிடம் மட்டும் மாட்டேன் என்றால் அவர் மனம் நோகுமே, ஆகட்டுங்க. பிறகு தையல்காரர்கள் நாள்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் தைப்பார்கள். அப்படியும் முடியாமல், கப்பலில் போக வேண்டிய சரக்கு கம்பெனிச் செலவில் விமானத்தில் போகும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறியவை பனியன்கள்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தொழிலை வளர்த்தது போதாது, தொழிலதிபர்களையும் வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் ஊரில் பரவியிருந்தது. கோயமுத்தூரிலிருந்து கோட்டுப் போட்டுக்கொண்டு பயிற்சியாளர்கள் வந்து, கல்யாண மண்டபங்களில் தலைமைப் பண்பு வகுப்பு நடத்துவார்கள். அப்படி ஒரு வகுப்பில் சேரச் சொல்லி மாமாவைக் கேட்டார்கள். ஆகட்டுங்க என்றார். அதே நாளில் மடத்துக்குளத்தில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கும் ஆகட்டுங்க என்றிருந்தார். வகுப்பில் பெயர் கொடுத்தாகிவிட்டது, சாப்பாடும் சொல்லியாகிவிட்டது. தனக்குப் பதிலாக அக்காவை அனுப்பினார். காரோட்டிச் சென்ற நான் சாப்பாட்டுக்காகப் பின் வரிசையில் உட்கார்ந்தேன்.

“தன்னை வளர்த்துக்கொள்ள நினைப்பவருக்கு முதலில் தெளிவு வேண்டும்!” என்று பயிற்சியாளர் முழங்கினார். எங்கள் பக்கம் பதநீரைத் தெளுவு என்போம். எனக்கு அடுத்திருந்த பெரியவர் தூக்கம் கலைந்து, “இந்த வெயிலுக்கு நல்லதுதானுங்க. எப்பத் தருவாங்க?” என்று என்னைக் கேட்டார்.

பயிற்சியாளர் அடுத்து ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தார். உங்கள் வளர்ச்சிக்குத் தடையாக இருப்பதை ஒரே சொல்லில் எழுதுங்கள் என்றார். எல்லோரும் நல்ல பிள்ளைகளாக எழுதிக் கொடுத்தார்கள். பயம். சோம்பல். முன்கோபம். ஒருவர் ‘கரண்ட்’ என்று எழுதியிருந்தார். பயிற்சியாளர் ஒவ்வொன்றாக வாசித்துப் பாராட்டிக்கொண்டே வந்தவர், ஒரு சீட்டில் நின்றுவிட்டார்.

“‘ஊட்டுக்காரர்’னு எழுதியிருக்கு. யாருங்க இது?”

மண்டபம் சிரித்தது. அக்கா எழுந்து, “நானுங்க,” என்றார்.

“நல்ல நகைச்சுவை உணர்வுங்க மேடம் உங்களுக்கு.”

“இல்லீங்க. நீங்க கேட்டீங்க, நான் யோசிச்சு எழுதினேன்.”

அன்று அந்த மண்டபத்தில் வகுப்பை நம்பியவர் அவர் ஒருவர்தான். பயிற்சியாளரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திரும்பி வரும் வழியில் அக்கா, “கண்ணு, என்கிட்ட எதாச்சும் கேளு,” என்றார்.

“எதுக்குக்கா?”

“இல்லைன்னு சொல்லிப் பழகோணும்.”

“சரி. வண்டிய நிறுத்தி ஒரு டீ குடிக்கலாமாக்கா?”

“இல்ல.” சற்று யோசித்துவிட்டு, “நல்லா வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சுக்கா. ஆனா எனக்கு நெசமாவே டீ வேணும்.”

“இல்ல,” என்றார். இந்த முறை இன்னும் நன்றாக வந்தது.

அடுத்து வந்த திங்கட்கிழமை அக்கா கம்பெனிக்குள் வந்து மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். மெஷின்கள் நின்றன. மாமா போனில் யாருக்கோ ஆகட்டுங்க சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டதும் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

“ஏனுங்க, இனி நீங்க மாடி ரூம்ல இருங்க. ஃபேன் இருக்குது, பேப்பர் வரும். கீழ வர வேண்டாம்.”

“ஏம்புள்ள, என்ன ஆச்சு உனக்கு? எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டுங்க. அவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.” அக்கா தையல்காரர்கள் பக்கம் திரும்பினார். “இனிமே இவர் சொல்ற தேதி தேதியில்லீங்க. இவர் பேச்சக் கேட்டு யாரும் தைக்காதீங்க.”

எங்கள் ஊர் மரியாதைக்குப் பெயர் போனது. கத்தியை இறக்கினாலும் ஒரு ‘ங்க’ சேர்த்துத்தான் இறக்குவோம். மாமா அக்காவைப் பார்த்தார், தையல்காரர்களைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் மறுத்துப் பேசியே ஆகவேண்டிய இடம் அது. பழக்கமில்லாததால், “ஆகட்டும்,” என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

மறுநாள் என் முறை. நான் அப்போது மேனேஜர். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு.

“கண்ணு, நாளைக்கிருந்து நீ வர வேண்டாம்.”

“ஏங்க்கா?”

“சரக்கு எப்ப வரும்னு வெள்ளக்காரன் ஒரு வரி கேட்டிருக்கறான். நீ ரெண்டு பக்கம் எழுதியிருக்கற. படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதுல மழை வருது, மனுச வாழ்க்கை வருது. சரக்கு வரல.”

“அது ஒரு நடைக்கா.”

“நல்லாத்தான் இருக்குது. ஊட்ல உக்காந்து எழுது.”

அப்படித்தான் நான் நகைச்சுவை எழுத்தாளன் ஆனேன். பத்திரிகைகளில் என்னைப் படித்து நொந்தவர்கள் பழியை எங்கே போடுவது என்று இப்போது தெரிந்துகொள்ளலாம்.

அதன்பின் கம்பெனி ‘இல்லீங்க’ என்ற சொல்லின் மேல் நடந்தது. முடியாத தேதிக்கு இல்லீங்க. பிடிக்காத நூலுக்கு இல்லீங்க. பையிங் ஆபீஸ்காரர்கள் முதலில் கோபித்தார்கள். பிறகு, இந்த அம்மா சரி என்று சொல்லிவிட்டால் சரக்கு வந்துவிடும் என்று கண்டுகொண்டார்கள். தையல்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். அக்கா கார் ஓட்டக் கற்றார். வெள்ளைக்காரரோடு ஒரு வரியில் பேசக் கற்றார். முதலிபாளையத்தில் புதிய ஷெட் எழுந்தது. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து கட்டிங் மேஜையில் நின்ற ஜெசிந்தா என்ற பெண்ணை, தன் பக்கத்தில் நிறுத்தி வேலை பழக்கினார். வேலை கேட்டு வந்த சொந்தக்காரர்களிடம், “நீங்க சொந்தமாவே இருங்க, அதாச்சும் நெலைக்கட்டும்,” என்றார்.

அந்தத் தெளிவில் நியாயம் மட்டும்தான் இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆரம்ப நாளிலிருந்து எங்களிடம் தைத்த ஒருவரிடம், “உங்களுக்குக் கண்ணு போயிருச்சுங்க. நாளைக்கிருந்து வேண்டாம்,” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அந்த மனிதர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவருடைய தையல் கோணிவிட்டது உண்மைதான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தனியாகச் சொல்வது என்பது அக்காவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வகுப்பில் அதற்குள் நேரம் முடிந்துவிட்டது போலும்.

புதிய ஷெட்டிலும் மாமாவுக்கு மாடியில் ஓர் அறை கட்டினார். ஏசி, சோபா, கீழே தையல் நடப்பது தெரியும்படி கண்ணாடிச் சன்னல், கதவில் ‘சேர்மன்’ என்று பலகை. ஆயுத பூஜையன்று பூசணிக்காய் உடைக்க மட்டும் அவரைக் கீழே அழைப்பார்கள். மற்ற நாட்களில் மாமா அவ்வப்போது பாதிப் படி இறங்கி வந்து நிற்பார்.

“கொஞ்ச நேரம் கீழ வந்து நிக்கட்டுமா புள்ள? பேச மாட்டேன்.”

“இல்லீங்க,” என்பார் அக்கா, தலை நிமிராமல்.

மாமாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். தான் தொடங்கிய கம்பெனியில், மெஷின்களுக்கு நடுவே, முதலாளியாகக் கொஞ்ச நேரம் நிற்பது.

பிறகு நோய் வந்தது. மருத்துவர் நம்பிக்கை, மனவலிமை என்று சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்தார். “தேதி சொல்லுங்க டாக்டர். நான் பையிங் ஆபீசுக்குச் சொல்றதில்லீங்களா?” என்றார் அக்கா. மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டு, மாதக்கணக்கில்தான் என்றார். “அது போதுங்க,” என்று அக்கா எழுந்துவிட்டார். உடன்போயிருந்த மாமாவும் நானும்தான் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

மருத்துவமனைக் கட்டிலில் அவர் இருந்த ஒரு மத்தியானம் மாமா இளநீர் வாங்கி வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். மாமா பலமுறை தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்டார்.

“ஏம்புள்ள, இனி நான் கீழ வந்து பாத்துக்கட்டுமா?”

அக்கா வெகுநேரம் கண்களை மூடியிருந்தார். இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன். வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

“இல்லீங்க. ஜெசிந்தா பாத்துக்குவா.”

“நான் உம்புருசன், புள்ள.”

“தெரியுங்க. உங்ககிட்டக் குடுத்தா, நான் செத்தது மாசம் திரும்பறக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். அவகிட்டக் குடுத்தா ஒரு வருசமானாலும் தெரியாது.”

“அவ்வளவுதானா எம்மேல நம்பிக்கை?”

“உங்க மனசு மேல இருக்குதுங்க. வாய் மேல இல்ல.”

மாமா இளநீரில் குழலைப் போட்டு அவர் வாயருகே பிடித்தார். அக்கா குடித்தார். மாமா ஒரு சொட்டுக்கூடச் சிந்தவிடவில்லை. அந்தத் திருமணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சில நிமிடங்கள்தான்.

அடுத்த சில வாரங்களில் அக்கா காலமானார். மருத்துவர் சொன்ன கெடுவுக்கு வெகுமுன்பாகவே. சொன்ன தேதிக்கு முன்னதாக முடிப்பது அவர் வழக்கம்.

இனி நன்றி. தங்களை நாள்தோறும் திருத்திக்கொண்டிருந்த ஒரு நோயாளியைப் பொறுத்துக்கொண்ட செவிலியர்களுக்கு நன்றி. மெஷினை நிறுத்திவிட்டு மயானம்வரை வந்த தொழிலாளர்களுக்கு நன்றி. அக்கா இருந்திருந்தால் அனுமதித்திருக்க மாட்டார். வேலை கிடைக்காமலும், கிடைத்துப் பறிபோயும், வருத்தத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கு நன்றி.

ஜெசிந்தாவுக்குச் சொல்லும் நன்றிக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். காரியங்கள் முடிந்து கம்பெனி திறந்த அன்று நானும் போயிருந்தேன். சட்டப்படி இப்போது எல்லாம் மாமாவுடையது. வெள்ளை வேட்டி சட்டையில் மாடிப்படி முழுவதும் இறங்கி வந்து, மெஷின்களுக்கு நடுவே நின்றார். யாரும் தடுக்கவில்லை. ஜெசிந்தாவின் கையில் கம்பெனி போன் அடித்தது. மாமா கையை நீட்டினார். முதலாளி கை நீட்டினால் என்ன செய்வது, கொடுத்துவிட்டார்.

பையிங் ஆபீஸ். முதலில் துக்கம் விசாரித்தார்கள். அடுத்த மூச்சில், சரக்கு ஒரு வாரம் முன்னதாகக் கிடைக்குமா என்று கேட்டார்கள். தையல்காரர்கள் துணியிலிருந்து கையை எடுத்துவிட்டு மாமாவின் வாயையே பார்த்தார்கள். மாமா முயன்றார். உதடு அசைந்தது, நெற்றி வேர்த்தது. அவர் அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

“ஆகட்டுங்க,” என்றார்.

ஜெசிந்தா போனைத் திரும்ப வாங்கி, அவர் எதிரிலேயே அவர்களை அழைத்தார். “சார், அந்தத் தேதிக்கு முடியாது சார். ஐயா வீட்டு நெனப்புல சொல்லிட்டாவ. பழைய தேதிதான்.” போனை வைத்ததும் ஜெசிந்தாவின் முகம் வெளுத்துவிட்டது. அன்றோடு வேலை போயிற்று என்றுதான் நினைத்திருப்பார். மாமா படியை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

“மாமா, இது உங்க கம்பெனி. கீழயே நில்லுங்க. இனி உங்கள வேண்டாம்னு சொல்றதுக்கு யாரு இருக்கறா?”

“அதேதான் மாப்ள,” என்றார். “யாரும் இல்ல.”

மேலே போனவர்தான். நிர்வாகம் முழுவதையும் ஜெசிந்தாவிடமே விட்டுவிட்டார். ஒரு வருடம் ஆகிறது. அக்கா இல்லாதது கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. மாடியில் தெரிகிறது.

இன்று முதலாண்டு நினைவு நாளுக்காகக் கம்பெனிக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும், பந்தி முடிந்ததும் மாடிக்குப் போய் மாமா அவர்களைப் பார்த்துவிட்டுச் செல்லுமாறு குடும்பத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எதையும் கேட்டுவிடாதீர்கள். கொடுத்துவிடுவார்.