பதினாலும் முப்பத்தொன்றும்

அண்ணனின் மேட்சிங் சென்டரில் நான் பல வருஷமாக நிற்கிறேன். சேலையோடு வருகிறவர்களுக்குப் பொருத்தமான ப்ளவுஸ் துணி எடுத்துக் கொடுப்பது என் வேலை. சேலையைப் பார்த்ததுமே கை சரியான அடுக்குக்குப் போய்விடும். அந்தக் கையையும் கண்ணையும் நம்பித்தான் மான் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன்.

கடைக்கு வாடிக்கையாக வரும் கீழ்பென்னாத்தூர்ப் பெண் ஒருத்தி, மலையடிவாரக் காட்டுப் புள்ளிமான்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரே மாதிரி தெரிந்த இரண்டு பச்சைத் துணிகளை நான் தூரத்திலிருந்தே வேறுவேறு என்று சொன்னதை ஒரு நாள் பார்த்தாள். மறுநாள் லேப்டாப்போடு வந்தாள்.

நமக்குக் கைரேகை போல மானுக்குப் புள்ளியாம். ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே அவள் கட்டியிருந்த கேமரா, எது குறுக்கே போனாலும் தானாகப் படம் எடுத்தது. எந்தெந்தப் படத்தில் ஒரே மான் வருகிறது என்று பார்த்து நான் நம்பர் போட வேண்டும். இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் ஒன்றாக இருக்காது, அதனால் எந்தப் பக்கத்துப் படம் என்பதையும் மறக்காமல் எழுதுங்க என்று முதல் நாளே சொன்னாள்.

நாலைந்து நாள் எழுதினேன். பிறகு விட்டுவிட்டேன். துணியில் எந்தப் பக்கம் பிரித்தாலும் டிசைன் ஒன்றுதானே. அவள் சொன்னது காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை.

மதியம் கடையில் கூட்டம் கம்மியாக இருக்கும்போது படங்களைப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் சில மான்கள் பழகிவிட்டன. பதினாலாம் நம்பர் பெட்டைக்குத் தோளில் மூன்று புள்ளி நெருக்கமாக இருக்கும். முப்பத்தொன்றாம் நம்பருக்கு இடுப்புக்கு மேலே ஒரு வரிசை பாதியில் அறுந்திருக்கும். இரண்டும் ஒரு நாளும் ஒரே படத்தில் வந்ததில்லை. இதுங்களுக்குள்ள ஆகாது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணன் துணியை மடித்தபடியே, மனுஷங்க மாதிரிதான் போல என்றார்.

ஒரு காலையில் அவள் போன் செய்தாள். கிரிவலப் பாதை ஓரம் நாய்கள் கடித்து ஒரு பெட்டை செத்துக் கிடந்ததாம். காட்டு வாட்சர் எடுத்த படத்தை எனக்கு அனுப்பினாள். மான் ஒருக்களித்துக் கிடந்தது, தோல் சுருங்கியிருந்தது. இடுப்புக்கு மேலே வரிசை அறுந்திருந்தது.

"முப்பத்தொண்ணும்மா," என்றேன்.

"நிச்சயமாத் தெரியுதாக்கா?"

"எனக்குத் தெரியாதா?"

முப்பத்தொன்று இறந்ததாக அவள் குறித்துக்கொண்டாள். எனக்கு அன்று அழுகை வந்துவிட்டது. நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத மானுக்காக ஏன் இப்படி இருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புதுப் படங்கள் வந்தன. வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். பதினாலு தொட்டிக்கு வந்தது. குடித்தது. அடுத்த படத்தில் கேமராவை நேராகப் பார்த்தது. அதற்கடுத்ததில் வந்த வழியே திரும்பிப் போனது. திரும்பியதும் தெரிந்த மறுபக்கத்தில், இடுப்புக்கு மேலே வரிசை அறுந்திருந்தது.

தேதியைப் பார்த்தேன். முந்தின நாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போது கடையில் சேலையோடு நின்றிருந்த ஒரு அம்மாவுக்கு என்ன கலர் எடுத்துக் கொடுத்தேன் என்று நினைவில்லை. அந்தம்மா சாயந்தரம் அதை மாற்ற வந்தார்.

போன் செய்து, "செத்துப்போனது நேத்து தண்ணி குடிச்சிருக்கும்மா," என்றேன்.

உடனே வந்தாள். படங்களை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள். என் நோட்டை வாங்கிப் புரட்டினாள். முதல் சில பக்கங்களுக்குப் பிறகு இடது, வலது என்று எதுவுமே இல்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, எல்லாத்தையும் மொதல்லேர்ந்து பார்த்துடலாம்க்கா என்று மட்டும் சொன்னாள். தானும் நடுவில் சரிபார்த்திருக்க வேண்டும் என்றாள்.

முதலிலிருந்து பார்த்தோம். பதினாலும் முப்பத்தொன்றும் ஒரே மானின் இரண்டு பக்கம்; அதைப் போலப் பல மான்கள் ஜோடி ஜோடியாக ஒன்றாகிப் போயின. பட்டியல் சுருங்கியது. சிலவற்றுக்கு ஒரு பக்கம்தான் கிடைத்திருந்தது. அவற்றைச் சேர்க்கவும் முடியவில்லை, பிரிக்கவும் முடியவில்லை. ஒரு மான் பிழைத்து வந்ததா, இல்லை இருந்த இரண்டில் ஒன்று இல்லாமலே போய்விட்டதா? சந்தோஷப்பட்டால் அது எதற்கு என்று தெரியவில்லை. அழுததை யார் கணக்கில் வைப்பது என்றும் தெரியவில்லை.

வாட்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வரிசை அறுந்ததாக நான் நினைத்த இடம் தோல் மடிப்பு. செத்த மானைப் புதைத்தாகிவிட்டது, இனி மறுபக்கத்தைப் பார்க்க வழியில்லை.

"அப்ப செத்தது யாரும்மா?"

"தெரியலக்கா. தெரியலன்னுதான் எழுதணும்."

"யாரோ ஒண்ணு செத்திருக்கே."

"ஆமாக்கா," என்றவள், அப்படியே எழுதினாள்.

அடுத்த வாரம் அனுமதி வாங்கி என்னையும் காட்டுக்குள் அழைத்துப் போனாள். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. மரங்களுக்கு நடுவே மான்கள் கூட்டமாக நின்றன. தோளையும் இடுப்பையும் தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை. இலைநிழல் மேலே விழுந்து எது புள்ளி, எது வெளிச்சம் என்று புரியவில்லை. ஒரு பெட்டை தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. அதுக்கு என்ன நம்பர் என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன். அவளும் தெரியவில்லை என்று தலையாட்டினாள்.