பொட்டு வைத்த டிஸ்க்

மீமிசல் கடற்கரைக் குடியிருப்பிலிருந்து பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் மாற்றுத் துணி மட்டும் இருந்தது. அதில் வைத்திருந்த கருகிய டிஸ்க்கை அப்போதுதான் ஒரு பெண்ணிடம் கொடுத்திருந்தேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஊர் ஊராகச் சுற்றியதில் கம்ப்யூட்டர் வேலை கையில் ஒட்டிக்கொண்டது. மீமிசல் போட்டோ ஸ்டூடியோவில் வேலையும், முதலாளி வீட்டுத் திண்ணையில் சோறும் படுக்க இடமும் கிடைத்தன. அங்கே பல வருடத்துக் கல்யாண வீடியோக்கள் ஒரே கம்ப்யூட்டரில் கிடந்தன. தனி டிஸ்க் ஒன்றில் தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி அமைத்தேன். அந்த நேரத்தில் இருப்பதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னால் எது அழிந்தாலும் முந்தின நாளுக்குப் போய் எடுத்து வரலாம். சோதித்துப் பார்க்கச் சில வீடியோக்களை மீட்டேன். செத்துப்போனவர்கள் பந்தியில் உட்கார்ந்து இன்னும் ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைக்கு எது நடந்தாலும் படங்கள் தப்ப வேண்டும், ராத்திரி டிஸ்க் கடையில் தங்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். முதலாளியும் சாயங்காலம் டிஃபன் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். ஊரெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வார். ஆயுத பூசையன்று வேலை கிடையாது. ஆனாலும் டிஸ்க்கோடு வந்தார்.

"இன்னிக்கு எதுக்குண்ணே இது?"

"இதும் நமக்குச் சோறு போடுற சாமான்தானப்பா. இதுக்கு மட்டும் பொட்டு இல்லேன்னா கோவிச்சுக்கிராதா?"

கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டார். பூசையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. விளக்கை எரியவிட்டு ஷட்டரை இறக்கினோம். விளக்கை எலி தட்டிவிட்டதோ என்னவோ, காலையில் கம்ப்யூட்டர், டிஸ்க் எல்லாம் வெந்து கிடந்தது.

அந்தப் பெண்ணின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வீட்டிலிருந்த கல்யாண சிடி புயல் மழையில் கெட்டுவிட்டது. அவர் பேசுவது எங்கள் வீடியோவில் மட்டும்தான் இருந்தது. நான் சோதித்துப் பார்த்தவற்றில் அதுவும் ஒன்று. அப்பா குரல் எப்படி இருக்கும் என்று மகள் கேட்க ஆரம்பித்திருந்தாள்.

"கடைதாம்மா எரிஞ்சுச்சு. படமெல்லாம் வீட்டு டிஸ்க்ல பத்திரமா இருக்கு. அடுத்த வாரம் வாங்க" என்றார் முதலாளி. அவள் வாரா வாரம் வந்தாள். அவரும் அதையே சொன்னார். ஒருநாள் வேலையை விட்டு, சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டு, கருகிய டிஸ்க்கோடு அவள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவரு பேசுனது இதுக்குள்ளதானண்ணே இருக்கு?"

"இருந்துச்சும்மா. இனிமே எடுக்க முடியாது."

"நீங்க பாத்திருக்கீங்கள்ல? என்ன சொன்னாரு?"

"'சீக்கிரம் எடுங்கண்ணே, பசிக்குது'ன்னாரு."

சிரித்துவிட்டாள். "அவரேதான்." டிஸ்க்கை முந்தானையில் சுற்றி உள்ளே கொண்டுபோனாள். வெளியே வரவில்லை.

பஸ்ஸில் கண்ணை மூடினால் அவர் குரல்தான். பசிக்குது, பசிக்குது. எனக்கும் பசித்தது.

மறுநாள் காலை கந்தர்வக்கோட்டையில் ஒரு முந்திரி வியாபாரி கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் தேடினார். ஸ்னாப்ஷாட் டிஸ்க் பற்றிச் சொன்னேன்.

"சாமி படத்துக்குப் பின்னால வச்சிருவோம்ப்பா. அதவிடப் பத்திரம் ஏது?"

"வேணாங்க. சாயங்காலம் ஒங்க வீட்டுல நானே கொண்டாந்து குடுத்துர்றேன். பூசைக்குக்கூட இங்கிட்டு எடுத்துட்டு வரக் கூடாது. சரின்னா வாரேன்."

"வேலைக்கு வர்றவன் எனக்குச் சட்டம் போடுறியா?" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.